கேட்டால்தான் சொல்லும்

சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வந்த பைட் எத்தனை, வெளியே போனது எத்தனை, கெட்டுப்போய் வந்த பாக்கெட் எத்தனை, வைக்க இடமில்லாமல் தூக்கி எறிந்தது எத்தனை என்று யாரும் பார்க்காவிட்டாலும் அது எண்ணிக்கொண்டிருக்கும். ரேக்கில் ஏற்றி மின்சாரம் கொடுத்த நொடியில் தொடங்கும் இந்தக் கணக்கைத் தூரத்தில் உட்கார்ந்தபடி கேட்டு வாங்க ஒரு பொது வழி இருக்கிறது. அதன் பெயர் எஸ்என்எம்பி. யூடிபி 161ஆம் போர்ட்டுக்குக் கேள்வி போகும், பதில் வரும். சாதனம் தானாகவே வாய் திறந்து சொல்லும் அவசரச் செய்திகள் மட்டும் நம் பக்கத்து 162ஆம் போர்ட்டுக்கு வந்து சேரும். அவற்றை ட்ராப் என்போம்.

ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். விடுதிகள், ஆய்வகங்கள், நூலகம், அலுவலகம் என்று சுவிட்சுகள் சிதறிக் கிடக்கின்றன. என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி "நெட் ஸ்லோ சார்" என்ற மூன்று சொற்களோடு முடிந்துவிடும். அதற்குள் எந்த எண்ணும் இருக்காது. எண்ணைத் தேடிப் பிடிப்பது என் வேலை. எதைக் கேட்பது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது, வந்த பதிலை எதோடு ஒப்பிடுவது என்று பழகப் பழகத்தான் இந்தத் தொழில் கைக்கு வருகிறது. மென்பொருளை நிறுவ அரை நாள் போதும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, எஸ்என்எம்பியில் கேட்டால் சுவிட்ச் பொதுவாக வேகத்தைச் சொல்லாது என்பது. இந்த போர்ட்டில் இப்போது எத்தனை எம்பிபிஎஸ் ஓடுகிறது என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. இதுவரை மொத்தம் எத்தனை பைட் வந்தது என்று கேட்டால் ஒரு பெரிய எண்ணைத் தரும். வீட்டு மின்மீட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுப்பவர் பழைய எண்ணைப் புதியதிலிருந்து கழித்துத்தான் யூனிட் கணக்குப் போடுகிறார். நாமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, கழித்து, 300 நொடியால் வகுத்து, எட்டால் பெருக்கினால் பிட் கணக்கு வரும். கிராஃபில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு கழித்தல் கணக்குதான்.

கழித்தலில்தான் வம்பும் இருக்கிறது. பழைய கவுண்டர்கள் 32 பிட் அளவுள்ளவை. 429 கோடியே சொச்சம் பைட் வந்ததும் நிரம்பிப் பூஜ்ஜியத்தில் இருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். 10 எம்பிபிஎஸ் காலத்தில் நிரம்ப ஒரு மணி நேரம் ஆனதால் யாரும் கவலைப்படவில்லை. ஒரு கிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 நொடியில் நிரம்பிவிடும். ஐந்து நிமிட இடைவெளியில் அது எட்டு முறை சுற்றி வந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. கிராஃப் 114 எம்பிபிஎஸ் வரை அழகாக ஏறும், அதற்கு மேல் ஒருநாளும் போகாது, திடீரென்று கீழே விழுந்து மறுபடி ஏறும். 32 பிட் கவுண்டர் நிரம்பும் அந்த 429 கோடியை எட்டால் பெருக்கி 300 நொடியால் வகுத்துப் பாருங்கள், அந்த 114 எங்கிருந்து வந்தது என்று தெரியும். லிங்க் காலியாகத்தான் இருக்கிறது என்று நிர்வாகத்திடம் அடித்துச் சொல்லப் போகும் முன்பு இதைப் பார்த்துவிடுவது நல்லது. 64 பிட் கவுண்டரைக் கேட்டு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்புக்கு 64 பிட் கவுண்டர் தெரியாது. குறைந்தது இரண்டாம் பதிப்பிலாவது பேச வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதுவும் 32 பிட். 497 நாள் ஆனதும் பூஜ்ஜியமாகிவிடும். நள்ளிரவில் "சுவிட்ச் ரீபூட் ஆகிவிட்டது" என்று அலாரம் அடிக்கும், போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றேகால் வருடத்துக்கும் மேலாக நிற்காமல் ஓடியதற்கான பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் பதிப்பில் இதை நொடிக் கணக்கில் தரும் வேறொரு மதிப்பு உண்டு, அது நிரம்ப 68 ஆண்டு ஆகும்.

இந்த நெறிமுறை நிரந்தரமாக இருக்கும் என்று யாரும் நினைத்து எழுதவில்லை. 1988 ஆகஸ்டில் ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் என்ற நால்வர் எழுதி ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 1067 என்ற எண்ணில் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் விண்ட் செர்ஃப் எழுதிய ஆர்எஃப்சி 1052, இப்போதைக்கு எஸ்என்எம்பி இருக்கட்டும், பின்னால் ஓஎஸ்ஐ தரத்தைச் சேர்ந்த வழிக்குப் போய்விடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அந்தப் பெரிய வழி வரவே இல்லை. தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1990இல் இண்டராப் கண்காட்சியில் ஜான் ராம்கியும் சைமன் ஹேக்கெட்டும் ஒரு ரொட்டி டோஸ்டரை எஸ்என்எம்பி வழியாக இயக்கிக் காட்டினார்கள். அப்போது ரொட்டியைக் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு சின்ன கிரேன் வந்துவிட்டது. என்னை அதிகம் ஈர்ப்பது டோஸ்டர் கதையைவிட எம்ஆர்டிஜி என்ற கிராஃப் நிரல் பிறந்த கதைதான். 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் வேலை பார்த்தபோது, அந்த இடத்துக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அவர் எழுதத் தொடங்கிய நிரல்தான் பின்னால் உலகம் முழுக்கப் பச்சை நிறப் பரப்பும் நீலக் கோடுமாக கிராஃப் வரைந்தது. வளாகத்து ஆட்களின் நச்சரிப்பில் பிறந்த கருவி என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் பாசம்.

வரத்துப்போக்கு கிராஃப் அழகானது. கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு அதிகம் கைகொடுப்பது அழகில்லாத எர்ரர் கவுண்டர். மாணவியர் விடுதியில் இருந்து ஒரு வாரமாகப் புகார் வந்துகொண்டிருந்தது. வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது, ஃபைல் பதிவேற்றினால் பாதியில் நிற்கிறது. லிங்க் பச்சை விளக்கோடு நிற்கிறது, கிராஃபில் கூட்டமே இல்லை. என்னிடம் புதிதாகச் சேர்ந்த பையன் தயாராக ஒரு தீர்வு வைத்திருந்தான்.

"சார், சுவிட்ச் ரொம்பப் பழசு. மாத்திடலாமா?"

"மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எர்ரர் கவுண்டரைப் பாரு தம்பி. ஒரு தடவை பாத்தா போதாது, அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை."

பார்த்துவிட்டு வந்தான். "நம்ம மெயின் சுவிட்ச்ல ஏறிட்டே இருக்கு சார். ஹாஸ்டல் பக்கம் ஒண்ணுகூட ஏறல."

"அப்ப எந்த கோர்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். அந்த லிங்குக்கு ஃபைபரில் இரண்டு கோர், ஒன்று போக, ஒன்று வர. உள்ளே வரும் எர்ரரை எண்ணுவது எப்போதும் வாங்கும் பக்கம்தான். நம் பக்கம் மட்டும் எர்ரர் ஏறுகிறது என்றால் நம்மிடமிருந்து விடுதிக்குப் போகும் கோர் நன்றாக இருக்கிறது. அங்கிருந்து நமக்கு வரும் கோரில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. அடுத்து மாட்யூலின் ஒளி அளவைக் கேட்டோம். அதுவும் எஸ்என்எம்பியில் கிடைக்கும், என்ன, தசமப்புள்ளி எங்கே என்பதைத் தனியாகக் கேட்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். விடுதி மாட்யூல் அனுப்பும் ஒளி வழக்கம்போல. நமக்கு வந்து சேரும் ஒளி, பழைய பதிவில் மைனஸ் 7 டிபிஎம் பக்கம் இருந்தது, மைனஸ் 18க்கு இறங்கியிருந்தது. அந்த வகை மாட்யூலுக்கு மைனஸ் 19தான் விளிம்பு.

கிளீனர் பேனாவை எடுத்துக்கொண்டு பையன் விடுதிக்குப் போனான். அனுப்பும் பக்கத்துப் பேட்ச் கார்டைக் கழற்றி, கனெக்டர் முனையைத் துடைத்து, மறுபடி செருகினான். நான் இங்கே திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எர்ரர் எண் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது, அப்படியே நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் அதே எண், பத்து நிமிடம் கழித்தும் அதே எண். அது நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, இந்த வேலை செய்பவர்களுக்குத்தான் புரியும். புது சுவிட்சுக்கான கோப்பு நகராமல் போனது அலுவலகத்துக்கும் சுகம்.

அந்த "பழைய பதிவு" இல்லையென்றால் மைனஸ் 18 என்ற எண் எங்களுக்கு எதையும் சொல்லியிருக்காது. கோளாறு வந்த பிறகு கண்காணிப்பை நிறுவுபவர்களுக்குக் கிடைப்பது இன்றைய எண் மட்டும்தான். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எடுத்த ரீடிங்தான் கெட்ட நாளில் பேசும். ஆகவே புதிதாக ஒரு லிங்க் போட்டால், அன்றே ஒளி அளவு, எர்ரர், வழக்கமான வரத்து எல்லாம் பதிவாகத் தொடங்கிவிட வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

எர்ரருக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்கார்ட் கவுண்டரை ஏனோ பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடச் சராசரி 30 சதவீதம் காட்டும் லிங்கிலும் பாக்கெட் தூக்கி எறியப்படலாம். ஆய்வகத்தில் அறுபது கணினிகள் ஒரே நொடியில் ஒரே ஃபைலை இழுத்தால் அந்த ஒரு நொடியில் லிங்க் நிரம்பி வழியும், மீதி 299 நொடி வழக்கம்போல ஓடும். சராசரி அதை விழுங்கிவிடும், டிஸ்கார்ட் கவுண்டர் விழுங்காது. அப்படியானால் பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டுவிடலாமே என்று தோன்றும். எல்லாவற்றையும் அப்படிக் கேட்டால் பழைய சுவிட்சுகளின் சிபியூ மூச்சு வாங்கும். பாக்கெட்டைக் கடத்தும் வேலை தனிச் சிப்பில் நடக்கிறது, நம் கேள்விக்குப் பதில் சொல்வது அந்த நோஞ்சான் சிபியூதான். முக்கியமான நாலைந்து போர்ட்டுகளை அடிக்கடி கேளுங்கள், மற்றதை ஐந்து நிமிடத்துக்கு விடுங்கள். இணையத்தின் முழு ரூட்டிங் டேபிளை வைத்திருக்கும் ரூட்டரிடம் அந்த டேபிளை வரிவரியாகக் கேட்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம்.

ட்ராப்பை நம்பி உட்காருவதும் எனக்குப் பிடிப்பதில்லை. யூடிபியில் வருவது, வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். தவிர, லிங்க் அறுந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய சுவிட்ச் அந்த லிங்குக்கு அப்புறத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் எந்த வழியாகச் சொல்லும்? இந்தப் பக்கத்து சுவிட்ச் தன் போர்ட் விழுந்ததைச் சொல்லும், அவ்வளவே. ட்ராப் வந்தால் சந்தோஷம், ஆனால் முறை வைத்துக் கேட்பதை நிறுத்தக் கூடாது.

இன்னொரு தொல்லை, போர்ட்டுகளுக்கு சாதனம் தரும் வரிசை எண். ஒரு கார்டைக் கூடுதலாகச் செருகி ரீபூட் செய்தால் சில சாதனங்களில் இந்த எண்கள் இடம் மாறிவிடும். நேற்று வரை நூலகம் என்று வரைந்த கிராஃப் இன்று முதல் முதல்வர் அறையை வரையத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. எண்ணை நம்பாமல் போர்ட்டின் பெயரையும் நாம் எழுதும் விவரத்தையும் வைத்துப் பொருத்தும்படி மென்பொருளை அமைக்க வேண்டும். அந்த விவரக் கட்டம்தான் சுவிட்சிலேயே அதிகம் உதவும் கட்டம் என்பது என் கட்சி. நான் பார்த்த பாதி சுவிட்சுகளில் அது காலியாகவே கிடந்தது. விடுதியில் யாரோ வீட்டு வைஃபை ரூட்டரைத் தப்பான ஓட்டையில் செருகி, தளம் முழுக்கத் தப்பான ஐபி முகவரி விநியோகிக்கும் நாள் ஒன்று எப்படியும் வரும். அன்றைக்கு அந்தப் பெட்டியின் மேக் முகவரி எந்த போர்ட்டில் தெரிகிறது என்று சுவிட்சிடம் கேட்டுப் பிடித்துவிடலாம். போர்ட் எண் கிடைத்தும் அது எந்த அறை என்று தெரியாவிட்டால் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் சாதனம் என்றால் சுவிட்சும் ரூட்டரும் மட்டும் என்று நினைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ்ஸைக் காட்டுவேன். அதற்கென்று 1994லேயே ஆர்எஃப்சி 1628 வந்துவிட்டது. பேட்டரியில் எத்தனை நொடியாக ஓடுகிறது, சார்ஜ் எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எல்லாம் கேட்கலாம். கடைசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது யூபிஎஸ்ஸின் மதிப்பீடு. எங்கள் சர்வர் அறை யூபிஎஸ் 40 நிமிடம் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரையிலான சில நிமிடங்களில் சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்ற கிராஃபை மாதாமாதம் அடுக்கிப் பார்த்தபோது, பேட்டரியின் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பேட்டரியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. போன வருசந்தானே மாத்துனது."

"அண்ணே, இந்தக் கோட்டைப் பாருங்க. போன மாசம் இவ்வளவு சாய்வா இறங்கல."

கிராஃபைப் பார்த்து அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மீட்டரை எடுத்துவந்து ஒவ்வொரு பேட்டரியாக வைத்துப் பார்த்தார். வரிசையில் ஒன்று படுத்திருந்தது. அறையின் ஏசி கோடையில் சரியாக ஓடாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். சூடு ஏற ஏற ஈய அமில பேட்டரியின் ஆயுள் குறையும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அறையின் வெப்பநிலையையும் கேட்கும் பட்டியலில் சேர்த்துவிட்டோம். இப்போது அவரே வந்து "அந்தக் கோடு எப்படிப் போகுதுங்க?" என்று கேட்கிறார்.

பிரிண்டரும் பேசும். டோனர் அளவைக் கேட்டால் சில பிரிண்டர்கள் மைனஸ் 3 என்று பதில் தரும். பயப்பட வேண்டாம், "கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது" என்பதற்குத் தர ஆவணத்தில் வகுத்த குறி அது.

கேட்பதைப் பற்றியே பேசுகிறேன். எஸ்என்எம்பியில் செட் என்றும் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து போர்ட்டை மூடலாம், அமைப்பையே மாற்றலாம், டோஸ்டர் ஓடியது அப்படித்தான். என் வளாகத்தில் நான் அதை எங்கும் திறந்து வைப்பதில்லை. பாதி எழுதி பாதி நின்றுபோனால் முந்தைய நிலைக்குத் திருப்ப அதில் ஒழுங்கான வழி கிடையாது. 2002இல் நெட்வொர்க் நடத்துபவர்களும் நெறிமுறை எழுதுபவர்களும் கூடிப் பேசிய விவரம் அடுத்த ஆண்டு ஆர்எஃப்சி 3535 ஆக வந்தது. கண்காணிக்க எஸ்என்எம்பி சரி, அமைப்பை மாற்ற அது சரிப்படவில்லை என்பதே நடத்துபவர்கள் அங்கே சொன்னதன் சாரம். அமைப்பை மாற்றுவதற்கென்றே நெட்கான்ஃப் என்ற நெறிமுறை பிறந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். இப்போது பெரிய ரூட்டர்கள் கேட்காமலே நொடிக்கு நொடி விவரத்தை அனுப்பும் டெலிமெட்ரி முறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. போகட்டும். மலிவு சுவிட்ச், யூபிஎஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை இன்றைக்கும் இது ஒன்றுதான்.

அதனாலேயே கதவைப் பூட்டுவது பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு பதிப்புகளிலும் கடவுச்சொல்லுக்கு இணையானது கம்யூனிட்டி என்ற ஒரு சொல். அது மறைக்கப்படாமல் அப்படியே வயரில் போகும். வாசிக்க "பப்ளிக்", எழுத "பிரைவேட்" என்று தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய சொற்களே பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. 2002 பிப்ரவரியில் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தின் சோதனைத் தொகுப்பு, ஏராளமான நிறுவனங்களின் சாதனங்களில் எஸ்என்எம்பி செய்தியைப் பிரித்துப் படிக்கும் பகுதியிலேயே ஓட்டை இருப்பதை வெளிக்கொணர்ந்தது. 2023 ஏப்ரலில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து எச்சரித்தது, ரஷ்ய உளவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் எஸ்என்எம்பி வழியாக சிஸ்கோ ரூட்டர்களுக்குள் நுழைந்ததைப் பற்றி. அவர்கள் பயன்படுத்திய ஓட்டைக்கு 2017லேயே மருந்து வந்திருந்தது.

அடையாளச் சோதனையும் மறைகுறியும் உள்ள மூன்றாம் பதிப்பு 2002 டிசம்பரிலேயே முழுத் தரமாகிவிட்டது. அமைப்பது கொஞ்சம் எரிச்சல்தான். கடவுச்சொல்லை ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எஞ்சின் ஐடி என்ற தனி அடையாளத்தோடு கலந்துதான் சாவி உருவாகிறது. ஒரு சுவிட்சின் அமைப்பை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்து, இரண்டுக்கும் ஒரே எஞ்சின் ஐடி வந்துவிட்டால் இரண்டும் மாறி மாறிப் பதில் சொல்லாமல் முரண்டு பிடிக்கும். நேரக் கணக்கு 150 நொடிக்கு மேல் பிசகினாலும் கேள்வியைத் தள்ளிவிடும். இந்த எரிச்சலைச் சாக்காக வைத்து இரண்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டவர்கள் நிறைய. சுவிட்சுகளையாவது மூன்றுக்கு நகர்த்துங்கள். மூன்று தெரியாத பழைய சாதனங்களைத் தனி விலானில் போட்டு, கண்காணிப்பு சர்வரின் ஐபிக்கு மட்டும் வாசிக்கும் அனுமதி கொடுங்கள். 161ஆம் போர்ட் வெளியில் இருந்து திறந்திருக்கவே கூடாது. சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் தரும் வசதி இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. வேறொருவர் பெயரில் பொய்யாகக் கேட்டு உங்கள் சாதனத்தை வைத்து அவரை அடிக்க அது போதும்.

ரூட்டரைப் பூட்டிவிட்டு எல்லாரும் மறப்பது பிரிண்டரையும் யூபிஎஸ் கார்டையும்தான். உங்கள் அலுவலகத்தில் அவை இன்னும் "பப்ளிக்" என்ற சொல்லுக்குப் பதில் சொல்கின்றனவா என்று நாளைக் காலையிலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சொன்னால், மதியத்துக்குள் மாற்றிவிடுங்கள்.